கலக்சி ஏ16ஆ, ரெட்மி நோட் 14ஆ? யாழ்ப்பாணத்தில் பட்ஜெட் போன் தெரிவு செய்ய ஒரு முழு வழிகாட்டி

கஸ்தூரியார் வீதியிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ ஒரு போன் கடைக்குள் ஏறி, "விலை கனக்கப் போகாமல் நல்ல போன் ஒண்டு காட்டுங்கோ தம்பி" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பெட்டிகள் மேசைக்கு வரும். ஒன்று சாம்சங், மற்றது ரெட்மி. மொடல் இலக்கம் வருடா வருடம் மாறும், இந்த ஜோடி மட்டும் மாறாது. தம்பி மெகாபிக்சல் சொல்வார், ராம் சொல்வார், "இது கேமுக்கு நல்லம், அது பேருக்கு நல்லம்" என்பார். பத்து நிமிடத்தில் நமக்குத் தலை சுற்றும்.

இங்கே ஒப்பிடப் போகும் இரண்டும் 4ஜி போன்கள்: 2024 கடைசியில் வந்த சாம்சங் கலக்சி ஏ16, 2025 ஜனவரியில் உலகச் சந்தைக்கு வந்த ரெட்மி நோட் 14. நீங்கள் கடைக்குப் போகும் நேரம் இவற்றின் அடுத்த மொடல் வந்திருக்கலாம். அதனால் ஒன்றும் குறையாது, பார்க்க வேண்டிய இடங்கள் அதே இடங்கள்தான். விலையை நான் இங்கே எழுதவில்லை. டொலரோடும் வரியோடும் அது ஏறி இறங்கும், கடைக்குக் கடையும் வேறுபடும்.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை

கடைக்குப் போக முன்னர் மூன்று விஷயத்தை ஒரு துண்டில் எழுதுங்கள். இந்தப் போனை யார் பாவிக்கப் போகிறார்? எத்தனை வருடம் வைத்திருப்பார்? இப்போதைய போனில் எது அவருக்குத் தொல்லை?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். இரவில் கனடாவில் இருக்கும் மகளோடு வட்ஸ்அப்பில் கதைக்கும் அம்மாவுக்கு, சத்தம் காணாது என்பதுதான் குறை. அவருக்கு 108 மெகாபிக்சல் கமெரா எதற்கு? திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு ஸ்ரோறேஜ் நிரம்புவது பிரச்சினை. மோட்டார் சைக்கிளில் கடை கடையாக ஓடர் எடுப்பவருக்கு வெயிலில் ஸ்கிறீன் தெரிய வேண்டும், மாலைவரை சார்ஜ் நிற்க வேண்டும். எழுதி வைத்த துண்டு சட்டைப் பையில் இருந்தால் கடையில் பேச்சு வேறு பக்கம் போகாது.

பெயரை வடிவாக வாசியுங்கள்

ஏ16 என்ற பெயரில் 4ஜி போனும் இருக்கிறது, 5ஜி போனும் இருக்கிறது. ரெட்மி நோட் 14 உம் அப்படித்தான், அதற்கு மேலே புரோ, புரோ பிளஸ் என்று வேறு. வெளியே பார்த்தால் உடன்பிறப்புகள் மாதிரி இருக்கும், உள்ளே சிப் வேறு. ரெட்மியில் கமெராக்கூட வேறு. இணையத்தில் 5ஜி மொடலின் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு வந்து 4ஜி மொடலை வாங்கிப் போவோர் கனபேர். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் மொடல் இலக்கம், ராம், ஸ்ரோறேஜ் மூன்றும் இருக்கும். விலை கேட்க முன்னர் அதை வாசியுங்கள்.

ராம் என்பது திறந்து வைத்த செயலிகளைப் போன் பிடித்து வைத்திருக்கும் இடம். "பதினாறு ஜிபி ராம்" என்று சொன்னால் நிதானியுங்கள். அது பெரும்பாலும் எட்டோடு எட்டு. முதல் எட்டுத்தான் உண்மையான ராம். மற்ற எட்டு, ஸ்ரோறேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி ராம் போல நடிக்க விடுவது. அது உண்மையான ராமின் வேகத்துக்குக் கிட்டவும் வராது. இரண்டு போனையும் ஒப்பிடும்போது முதல் இலக்கத்தை மட்டும் எடுங்கள். நான்கு ஜிபி ராம் உள்ள ஏ16 மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம். இன்றைக்கு ஓடும், இரண்டு வருடத்தில் வட்ஸ்அப்பில் இருந்து வங்கிச் செயலிக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முதலில் இருந்து தொடங்கும்.

வேகத்தில் மினக்கெட வேண்டாம்

ஏ16 இல் மீடியாரெக் ஹீலியோ ஜி99. நோட் 14 இல் ஹீலியோ ஜி99 அல்ட்ரா. பெயரில் ஒரு அல்ட்ரா கூட, மற்றபடி அடிப்படை ஒன்றுதான். 6 நானோமீற்றர் முறையில் செய்த சிப், 2.2 கிகாஹேர்ட்ஸில் ஓடும் இரண்டு பெரிய கோர்கள், ஆறு சின்னக் கோர்கள். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து யூரியூப்பைத் திறந்தால் ஒன்று அரைக் கணம் முந்தும், அடுத்த முறை மற்றது முந்தும். அன்றாட வேலைக்கு இரண்டுமே போதும். இரண்டிலும் 5ஜி இல்லை. ஆகவே வேகத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஸ்கிறீனை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்

இரண்டிலும் இருப்பது அமோலெட், அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஸ்கிறீன். இரண்டும் முழு எச்டி பிளஸ். அளவும் கிட்டத்தட்ட ஒன்று: ஏ16 6.7 அங்குலம், நோட் 14 6.67 அங்குலம். ஸ்கிறீன் ஒரு விநாடியில் எத்தனை தடவை படத்தை மாற்றும் என்ற புதுப்பிப்பு வேகம் சாம்சங்கில் 90 ஹேர்ட்ஸ், ரெட்மியில் 120. விரலால் தள்ளும்போது ரெட்மி கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போவது தெரியும், ஆனால் அதற்காகக் காசு கூடக் கொடுக்கத் தேவையில்லை.

ஏசி போட்ட கடைக்குள், வெள்ளை விளக்குக்குக் கீழே எந்தப் போனும் வடிவாகத்தான் தெரியும். கேட்டு வாங்கி, கடை வாசலில் மத்தியான வெயிலில் பிடித்துப் பாருங்கள். பிரகாசத்தைத் தானாக மாற்றும் வசதியைப் போட்டுவிட்டு, வெள்ளைப் பின்னணியில் ஒரு குறுஞ்செய்தியை வாசியுங்கள். ரெட்மி 1800 நிட்ஸ் (பிரகாசத்தின் அளவு) என்று விளம்பரப்படுத்துகிறது. அது ஸ்கிறீனின் சிறு பகுதியில் சிறிது நேரம் வரக்கூடிய உச்சம். அப்படியென்றாலும் சித்திரை வெயிலில் சாம்சங்கை விட ரெட்மி ஒரு படி தெளிவு. வெளியில் வேலை செய்பவருக்கு இது பெரிய விஷயம், வீட்டுக்குள் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை.

வாசலில் நிற்கும்போதே ஸ்பீக்கரையும் பாருங்கள். ரெட்மியில் இரண்டு ஸ்பீக்கர், ஏ16 இல் ஒன்று. வீதிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல் பதிவைப் போட்டுக் கேட்டால் வித்தியாசம் உடனே விளங்கும். காது கொஞ்சம் மந்தமான பெரியவருக்கு வாங்குவதாக இருந்தால், இந்த ஒரு சோதனைக்குக் கமெராவைவிடப் பெறுமதி கூட.

இயர்போன் துளை ரெட்மியில் இருக்கிறது, ஏ16 இல் இல்லை. பஸ் நிலையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் வயர் இயர்போனைத்தான் பிள்ளை பாவிக்கிறது என்றால், சாம்சங்கோடு டைப் சி இயர்போன் அல்லது புளூருத் ஒன்று வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கமெரா: இலக்கத்தை மறந்துவிடுங்கள்

ரெட்மியில் 108 மெகாபிக்சல், சாம்சங்கில் 50. வழக்கமாகப் படம் எடுக்கும்போது ரெட்மி ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படம் தரும். சாம்சங் நான்கைச் சேர்த்து ஏறக்குறைய அதே அளவுப் படத்தைத்தான் தரும். பிறகு அதை வட்ஸ்அப்பில் அனுப்பினால் அங்கேயும் சுருங்கும். பகல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் எது எதனுடையது என்று சொல்வது கடினம்.

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏ16 இல் 5 மெகாபிக்சல் அகலக்கோணக் கமெரா உண்டு. நோட் 14 4ஜியில் அது இல்லை, மற்ற இரண்டும் பேருக்கு வைத்த 2 மெகாபிக்சல் கமெராக்கள். நல்லூர்க் கோபுரத்தை வாசலில் நின்றே முழுதாக எடுக்க, கலியாண வீட்டில் சொந்தக்காரர் எல்லாரையும் ஒரு படத்துக்குள் அடக்க, அகலக்கோணம் உதவும். 5 மெகாபிக்சல் என்பதால் இருட்டில் அது உதவாது. நல்லூர்த் திருவிழா இரவில் சப்பறம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு போனிலும் பிரதான கமெராதான் கதி. கடையிலும் இதைச் சோதிக்கலாம்: மேசைக்குக் கீழே நிழலில் போன் பெட்டியை வைத்து, அதில் உள்ள சின்ன எழுத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். எழுத்து வாசிக்கக்கூடியதாக இருந்தால் அந்தக் கமெரா போதும்.

இரண்டு சிம்மும் மெமரி கார்ட்டும் ஒன்றாகப் போகாது

நமது பக்கத்தில் பலருக்கு இரண்டு சிம் இருக்கும். ஒன்று பழைய இலக்கம், விடமுடியாது. மற்றது டேற்றாப் பொதி மலிவு என்று எடுத்தது. இந்த இரண்டு போனிலும் இரண்டாவது சிம்மும் மெமரி கார்ட்டும் ஒரே இடத்துக்குப் போட்டி. இரண்டு சிம் போட்டால் கார்ட்டுக்கு இடமில்லை. ஆகவே இரண்டு சிம் பாவிப்பவர் 128 ஜிபியோடு நிற்காமல், விலை கட்டுப்படியானால் 256 எடுப்பது நல்லது. குடும்பக் குழுக்களில் வரும் பிறந்தநாள் வீடியோவே வருடத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பழைய போனின் ஸ்ரோறேஜ் பக்கத்தில் ஒருக்கா பாருங்கள்.

சிக்னலைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுந்தீவிலோ வடமராட்சிக் கரையிலோ சிக்னல் விழவில்லை என்றால், பெரும்பாலும் பிழை போனில் இல்லை, கோபுரத்தின் தூரத்தில். வீட்டில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நல்லது என்பதை இப்போதைய போனிலேயே பார்க்கலாம். அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் டிபிஎம் என்று ஒரு கழித்தல் இலக்கம் இருக்கும். 4ஜியில் கழித்தல் 90 க்குக் கிட்ட இருந்தால் நல்லம், கழித்தல் 110 ஐத் தாண்டிப் போனால் கதைக்கும்போது விட்டு விட்டுக் கேட்கும்.

பற்றரியும் சார்ஜரும்

ரெட்மி 5500 மில்லியம்பியர் மணி, 33 வாட் சார்ஜ். சாம்சங் 5000, 25 வாட். தாளில் ரெட்மி முன்னுக்கு, நடைமுறையிலும் முன்னுக்குத்தான். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை யாரும் மறக்கவில்லை. கரண்ட் வந்து போகும் இடைவெளிக்குள் கெதியில் சார்ஜ் ஏற்றும் போனுக்கு அந்த நாட்களில் இருந்த மதிப்பே வேறு.

சாம்சங் பெட்டிக்குள் சார்ஜர் இருக்காது, வயர் மட்டும்தான். "வீட்டில் பழைய சார்ஜர் கிடக்குதுதானே" என்று நினைக்கலாம். போன் சார்ஜ் ஆகும், ஆனால் மெதுவாக. 25 வாட் வேண்டும் என்றால் யுஎஸ்பி பிடி பிபிஎஸ் என்ற வேகச் சார்ஜ் முறையை ஆதரிக்கும் டைப் சி சார்ஜர் தேவை. கடையில் சாம்சங் என்று எழுதி மலிவாக விற்பதெல்லாம் அதுவல்ல. ரெட்மிப் பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறும், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

இரண்டுக்கும் ஐபி54 தரம். தூசிக்கும் தண்ணீர்த் தெறிப்புக்கும் ஓரளவு தாங்கும், தண்ணீருக்குள் விழுந்தால் தாங்காது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் படகில் போகும்போது முகத்தில் அடிக்கும் உப்புத் தண்ணீருக்கு அந்த இலக்கத்தை நம்ப வேண்டாம். நனைந்தால் துடைத்து, துளை நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

டிஸ்பிளே உடைந்தால்?

இந்தக் கேள்வியை வாங்க முன்னரே கேட்பவர் குறைவு. ஆனால் பட்ஜெட் போனின் உண்மையான விலை இங்கேதான் வெளியே வரும். போன் கடைக்குப் போக முன்னர் ஒரு திருத்தும் கடைக்குப் போங்கள். "அண்ணை, ஏ16 4ஜி டிஸ்பிளே என்ன விலை? நோட் 14 4ஜிக்கு என்ன விலை? ஒரிஜினலா, கொப்பியா? கையிருப்பில இருக்கா, கொழும்பில இருந்து எடுக்க வேணுமா?" என்று கேளுங்கள். இரண்டு மொடலுக்கும் விடையை எழுதுங்கள். அமோலெட் ஒரிஜினல் டிஸ்பிளே போட்டால் போன் விலையில் பெரிய பங்கு போய்விடும். அதனால் பலர் மலிவான கொப்பி டிஸ்பிளே போடுவார்கள்.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. நோட் 14 இல் கைரேகை வாசிக்கும் கருவி ஸ்கிறீனுக்குக் கீழே. அமோலெட் ஸ்கிறீனின் வெளிச்சத்தை விரலில் அடித்து, திரும்பி வருவதைப் பார்த்துத்தான் அது ரேகையை வாசிக்கும். அமோலெட் அல்லாத கொப்பி டிஸ்பிளே போட்டால், பின்வெளிச்சத் தாள் இடையில் மறைப்பதால், கைரேகை வேலை செய்யாது. பிறகு ஒவ்வொரு முறையும் இலக்கம் அடித்துத்தான் திறக்க வேண்டும், வங்கிச் செயலியிலும் அப்படியே. ஏ16 இல் கைரேகை பக்கவாட்டுப் பொத்தானில். டிஸ்பிளே எது போட்டாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். தோட்ட வேலை, மேசன் வேலை செய்து விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு இரண்டு விதமும் சில நேரம் அடம்பிடிக்கும். அவரையே கடைக்குக் கூட்டிப்போய் விரலைப் பதிந்து பார்ப்பதுதான் வழி.

ரெம்பர்ட் கிளாஸும் அப்படியே. தடித்த மலிவுக் கண்ணாடியை நோட் 14 இல் ஒட்டினால் கைரேகை தடுமாறும். ஒட்டிய பிறகு பழைய பதிவை அழித்துவிட்டு விரலைப் புதிதாகப் பதியுங்கள், பாதிக் குறை தீரும்.

எத்தனை வருடம்? இங்கே பேனாவை எடுங்கள்

ஏ16 க்கு ஆறு தலைமுறை அன்ட்ரொயிட் மேம்படுத்தலும் ஆறு வருடப் பாதுகாப்பு மேம்படுத்தலும் தருவதாகச் சாம்சங் சொல்லியிருக்கிறது. அன்ட்ரொயிட் 14 உடன் வந்த போன், ஆகவே அன்ட்ரொயிட் 20 வரை. இந்த விலையில் இது பெரிய வாக்கு. நோட் 14 4ஜிக்கு அதைவிடக் குறைந்த காலம்தான். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஆறு வருடம் எண்ணத் தொடங்குவது போன் சந்தைக்கு வந்த நாளில் இருந்து, நீங்கள் வாங்கிய நாளில் இருந்து அல்ல. ஒன்றரை வருடம் கழித்து வாங்கினால் ஒன்றரை வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

மேம்படுத்தல் நின்றவுடன் போன் செத்துவிடாது. ஆனால் வங்கிச் செயலிகள் காலப்போக்கில் பழைய அன்ட்ரொயிட்டைக் கைவிடும், பாதுகாப்பு ஓட்டைகளும் அடைபடாமல் கிடக்கும்.

இப்போது கணக்கு. கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்கு மட்டும், கடையில் கேட்ட விலையை அந்த இடத்தில் போடுங்கள். ஏ16 60,000 ரூபாய், சார்ஜர் 4,500 என்று வைப்போம். நான்கு வருடம் பாவித்து 12,000 க்கு விற்றால், மிச்சம் 52,500. அதை 48 மாதத்தால் பிரித்தால் மாதம் 1,094 ரூபாய் வரும். நோட் 14 56,000, சார்ஜர் பெட்டிக்குள். இரண்டரை வருடத்தில் 14,000 க்கு விற்றால் 42,000 ஐ 30 மாதத்தால் பிரிக்க மாதம் 1,400.

சாம்சங் மலிவு என்று உடனே முடிவெடுக்க வேண்டாம். அதே ஏ16 ஐயும் இரண்டரை வருடத்தில், சரி, 20,000 க்கே விற்றுவிட்டீர்கள் என்றால் மாதம் 1,483 வருகிறது, ரெட்மியைவிடக் கூட. ஆகவே எந்தப் போன் மலிவு என்பதை முடிவு செய்வது நீங்கள் வைத்திருக்கும் காலம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் ஆள் சாம்சங்கின் ஆறு வருட வாக்குக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை.

என் கணிப்பு இதுதான். வீட்டில் பெரியவருக்கு, அல்லது பழுதாகும்வரை ஒரே போனை வைத்திருப்பவருக்கு ஏ16. ஸ்பீக்கர் சோதனையில் சத்தம் காணாவிட்டால் மட்டும் மாற்றி யோசியுங்கள். மாணவருக்கும் வெயிலில் திரிபவருக்கும் நோட் 14. ரெட்மி எடுத்தால் முதல் நாளே உட்கார்ந்து, அதன் சொந்தச் செயலிகளில் வரும் விளம்பரங்களையும் "பரிந்துரை"களையும் அமைப்புகளில் நிறுத்திவிடுங்கள். செய்யாவிட்டால், கோப்பைத் திறந்தாலும் விளம்பரம் எட்டிப் பார்க்கும். சாம்சங் எடுத்தாலும் தொடக்கத்தில் "இந்தச் செயலிகளையும் போடட்டா" என்று கேட்கும் பக்கத்தில் டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

காசு கொடுக்கும் நேரத்தில்

முதலில் பதிவு. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியாத ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள இலக்கம்) உள்ள புதிய போன்கள் 2025 ஜனவரி 28 க்குப் பிறகு உள்ளூர் வலையமைப்பில் இயங்காது என்று அறிவிக்கப்பட்டது. ஸ்டார், ஹாஷ், பூச்சியம், ஆறு, ஹாஷ் என்று அழைப்புப் பலகையில் அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ வரும். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதிந்த போன் என்று பதில் வந்த பிறகே காசு. இரண்டு சிம் போனில் இரண்டு ஐஎம்இஐ வரும், இரண்டையும் அனுப்புங்கள். லண்டனில் இருந்து மாமா கொண்டுவரும் போனுக்கும் இந்தக் கேள்வி உண்டு, "சும்மா கிடைச்ச போன்தானே" என்று விட முடியாது.

அடுத்தது வாரண்டி. "ஒரு வருட வாரண்டி இருக்கு" என்றால், "கொம்பனி வாரண்டியா, கடை வாரண்டியா?" என்று கேளுங்கள். கடை வாரண்டி என்றால் கடை இருக்கும்வரை, கடைக்காரரின் மனம் இருக்கும்வரை. கொம்பனி வாரண்டி என்றால், போனை யாழ்ப்பாணத்திலேயே திருத்துவார்களா, ஏ9 ஆல் கொழும்புக்கு அனுப்புவார்களா, எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் குறைவு என்று பில் இல்லாமல் தருபவரிடம் வாங்கினால், குறைந்த காசு முதல் பழுதிலேயே திரும்பிப் போய்விடும்.

பில்லில் மொடல், ராம், ஸ்ரோறேஜ், இரண்டு ஐஎம்இஐ இலக்கம், வாரண்டி வகை எல்லாம் எழுதுவித்து, அந்த இடத்திலேயே பில்லைப் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். கடையில் வெப்பத்தாளில் அச்சடித்துத் தரும் பில்லின் எழுத்து நாளாக நாளாக மங்கிப்போகும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு சிம்மாலும் ஒரு அழைப்பு, இரவில் ஒரு வீடியோ அழைப்பு, ஒரு முழுச் சார்ஜ், தமிழில் ஒரு குரல் தட்டச்சு. கூகிள் விசைப்பலகையில் தமிழ் (இலங்கை) என்று தனியாகவே உண்டு, அதைத் தெரிவு செய்யுங்கள். எழுதத் தயங்கும் பெரியவர்கள் அதில் பேசியே செய்தி அனுப்பிவிடுவார்கள். குறை ஏதும் தெரிந்தால், கடை மாற்றித் தரும் நாட்கள் முடிய முன்னர் போங்கள். பெட்டியையும் உள்ளே இருந்த தாள்களையும் எறிய வேண்டாம், விற்கும்போது பெட்டியோடு இருக்கும் போனுக்குத்தான் நல்ல விலை சொல்வார்கள்.